போட்டித் தீர்வுகளைக் கிட்டில் தானாகச் சேமிப்பது: கேள்வி பதில்

போட்டி நிரலாக்கத்தில், அதாவது தரப்படும் கணக்குகளுக்கு நிரலால் விடை காணும் போட்டிகளில், எழுதும் தீர்வுகளைக் கைவேலையில்லாமல் ஒரு கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு வைத்திருக்கும் கோப்புறையில்) சேர்ப்பது பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் சமர்ப்பித்தவை எல்லாம் அந்தந்தத் தளத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. தனியாகக் களஞ்சியம் எதற்கு?

இருக்கின்றன, ஆனால் தேட முடியாது. செக்மென்ட் ட்ரீ என்ற தரவு அமைப்பை முன்பு எப்படி எழுதினீர்கள் என்று பார்க்க வேண்டுமென்றால், கோட்ஃபோர்சஸ், அட்கோடர், லீட்கோட் என்று ஒவ்வொன்றாக நுழைந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் ‘கிட் கிரெப்’ என்ற ஒரே கட்டளை போதும். இன்னொன்று, தளங்களும் நிரந்தரமல்ல. கூகுள் நடத்திய கோட் ஜாம், கிக் ஸ்டார்ட், ஹாஷ் கோட் மூன்றும் 2023-இல் முடிவுக்கு வந்துவிட்டன. அங்கே எழுதியதைத் தம் கணினியிலும் வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை.

கேள்வி: அண்ணா, தளத்திலிருந்து நிரலை இறக்கும் ஸ்கிரிப்ட் எழுதலாமா, அல்லது என் கணினியில் இருப்பதையே சேமிக்கலாமா? எது நல்லது?

கணினியில் இருப்பதையே சேமியுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிரலை எழுதியவர் நீங்கள். அது ஏற்கெனவே உங்கள் வட்டில் இருக்கிறது. தளத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஏற்கப்பட்டதா, இல்லையா? அந்த ஒரு செய்திக்காக உள்நுழைவுக் குக்கீயை (நீங்கள் உள்நுழைந்திருப்பதைக் காட்ட உலாவி வைத்திருக்கும் அடையாளத்தை) திருடனைப்போல் எடுத்துச் சென்று தளத்தின் பக்கங்களிலிருந்து தகவலைச் சுரண்ட வேண்டியதில்லை. பக்க அமைப்பு மாறினால் ஸ்கிரிப்ட் படுத்துவிடும். தானியங்கிகளைத் தடுக்கும் பாதுகாப்பு குறுக்கே வந்தாலும் படுத்துவிடும்.

என் வழி இது. உலாவியில் ‘காம்படிடிவ் கம்பேனியன்’ நீட்சியை நிறுவுங்கள். பொத்தானை அழுத்தினால் போட்டிக் கணக்கின் பெயர், இணைப்பு, நேர வரம்பு, மாதிரி உள்ளீடுகள் ஆகியவற்றை உங்கள் கணினியிலுள்ள ஒரு போர்ட்டுக்கு (நிரல்கள் செய்தி வாங்கும் வாசலுக்கு) ஜேசன் என்ற உரை வடிவில் அனுப்பும். அதைக் காத்திருந்து வாங்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று கோப்புறையைத் திறந்து, காலி நிரல் கோப்பையும் மாதிரிகளையும் வைத்துவிடும். எழுதி முடித்ததும், சமர்ப்பிக்க நிரலை நகலெடுத்துக் கொடுக்கும் கட்டளையே அதை உள்ளூரில் கமிட்டும் செய்யட்டும், அதாவது உங்கள் கணினியிலுள்ள கிட் வரலாற்றில் பதியட்டும். இரண்டையும் இப்படிச் சேர்த்துச் செய்வதுதான் முக்கியம். சமர்ப்பித்த பிறகு கோப்பில் கைவைத்தால், களஞ்சியத்தில் இருப்பது தளத்தின் தானியங்கி நடுவர் பார்த்த நிரல் அல்ல என்றாகிவிடும்.

முடிவைக் கேட்க, கோட்ஃபோர்சஸ் ஏபிஐயில் (நிரல்கள் தளத்திடம் தகவல் கேட்கும் வழியில்) ‘யூசர் ஸ்டேட்டஸ்’ என்ற முறை இருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், பயனர்பெயர் போதும். சமர்ப்பிப்பு எண், போட்டி எண், மொழி, தீர்ப்பு, அனுப்பிய நேரம், கணக்கின் கடின அளவு, குறிச்சொற்கள் எல்லாம் வரும். இரண்டு நொடிக்கு ஒரு கோரிக்கை என்பது அவர்களின் வரம்பு, அதை மதியுங்கள். அட்கோடருக்கு ஆர்வலர்கள் நடத்தும் ‘அட்கோடர் ப்ராப்ளம்ஸ்’ தளம் சமர்ப்பிப்புப் பட்டியலைத் தருகிறது. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விடச் சொல்கிறார்கள். லீட்கோட்டுக்கு ‘லீட்ஹப்’ நீட்சி உண்டு. உலாவியிலேயே எழுதுபவர்களுக்கு அது பொருந்தும்.

கேள்வி: ‘ஓகே’ என்று தீர்ப்பு வந்த நிரலைத்தான் ஸ்கிரிப்ட் சேமித்தது. மறுநாள் பார்த்தால் அதே சமர்ப்பிப்பு தவறு என்று காட்டுகிறது. ஏபிஐயில் பிழையா?

பிழை இல்லை, அவசரம். கோட்ஃபோர்சஸ் சுற்று நடக்கும்போது பெரும்பாலும் முன்சோதனைகள், அதாவது சோதனைகளில் ஒரு பகுதி, மட்டுமே ஓடும். முழுச் சோதனை போட்டி முடிந்த பின்புதான். ஏபிஐ தரும் பதிலிலேயே ‘டெஸ்ட்செட்’ என்ற புலம் இருக்கிறது. அதில் முன்சோதனை என்று இருந்தால் அது இறுதித் தீர்ப்பு ஆகாது. ‘எஜுகேஷனல்’ என்ற வகைச் சுற்றுகளில் போட்டி முடிந்தபின் 12 மணி நேரம் யார் வேண்டுமானாலும், அது தவறும் ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, உங்கள் தீர்வை உடைத்துப் பார்க்கலாம். ஆகவே போட்டி முடிந்து ஒரு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தீர்ப்பைக் கேட்டு, அதன்பின் ‘ஏற்கப்பட்டது’ என்று குறியுங்கள்.

கேள்வி: கமிட் ஆனதுமே இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் ஆகும்படி, அதாவது அனுப்பப்படும்படி, வைத்திருக்கிறேன். சரிதானே?

போட்டி நடக்கும் நேரத்தில் சரியே அல்ல, உடனே மாற்றுங்கள். நிரல் தற்செயலாக வெளியே கசிந்தாலும் விதிமீறல்தான் என்று கோட்ஃபோர்சஸ் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இணையத்தில் நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் ஐடியோன் தளத்தில் இயல்பு அமைப்பில், அதாவது எல்லாரும் பார்க்கும்படி, நிரலை ஓட்டுவதையே அவர்கள் உதாரணமாகக் காட்டுகிறார்கள். உங்கள் களஞ்சியத்திலிருந்து வேறொருவர் நகலெடுத்தால் இருவரும் மாட்டுவீர்கள். கமிட் உடனே நடக்கலாம், அது உங்கள் கணினிக்குள்தான் இருக்கிறது. போட்டி முடியும் நேரம் கடந்த பிறகே புஷ் நடக்கட்டும்.

கேள்வி: கோப்புப் பெயர், கோப்புறை அமைப்பு எப்படி?

தளம், போட்டி எண், கணக்கின் எழுத்து. அவ்வளவுதான். கணக்கின் தலைப்பைக் கோப்புப் பெயராக்காதீர்கள். அதில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் விண்டோஸில் அந்தக் கோப்பை உருவாக்கவே முடியாது. தலைப்பு உள்ளே இருக்கட்டும். ‘தர்பூசணி’ என்ற புகழ்பெற்ற கணக்கை எடுத்துக்கொள்வோம்: பழத்தை இரட்டைப்படை எடையுள்ள இரு பங்குகளாகப் பிரிக்க முடியுமா? கோட்ஃபோர்சஸ் கோப்புறை, அதற்குள் 4, அதற்குள் ஏ. கோப்பின் தலையில் கருத்துரையாக நான்கு வரிகள்: கணக்கின் இணைப்பு, சமர்ப்பிப்பு எண், அனுப்பிய நேரம், பிறகு ‘எடை இரட்டைப்படையாகவும் 2-ஐ விடப் பெரிதாகவும் இருந்தால் பிரிக்கலாம்’ என்ற ஒரு வரி. முதல் மூன்றையும் ஸ்கிரிப்ட் நிரப்பும். நான்காவதை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை மட்டும் எந்தத் தானியங்கியிடமும் விடாதீர்கள். பிற்காலத்தில் நீங்கள் தேடி வரப்போவது அந்த வரியைத்தான். வரி காலியாக இருந்தால் புஷ்ஷை மறுக்கும்படி கிட் ஹூக் (கிட் தானாக ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட்) ஒன்றை வைக்கலாம்.

கோட்ஃபோர்சஸ் சுற்றுகளில் முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் பொதுவாக வரும் கணக்குகள் இரண்டு போட்டி எண்களில் தோன்றும். இரட்டிப்பு வந்தால் தலைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கணக்கின் முழு உரையையும் சேமிக்கலாமா?

வேண்டாம், இணைப்பு போதும். உரை அதை எழுதியவர்களுக்குச் சொந்தம். தளத்துக்குத் தளம் விதியும் வேறு. கணிதப் புதிர்த் தளமான ப்ராஜெக்ட் ஆய்லர் முதல் நூறு கணக்குகளைத் தாண்டித் தீர்வுகளையே வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. டிசம்பரில் நிரல் புதிர்களை வெளியிடும் அட்வென்ட் ஆஃப் கோட், புதிரின் உரையையும் உங்களுக்கென்று தரும் உள்ளீட்டையும் பகிர வேண்டாம் என்கிறது. இவற்றுக்குத் தனிப்பட்ட களஞ்சியம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப் தளம் தன் கணினிகளில் பணிகளைத் தானாக ஓட்டும் சேவை) என் ஸ்கிரிப்ட் தினமும் ஓடும்படி வைத்தேன். சில மாதங்களில் தானாக நின்றுவிட்டது.

பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிட்ஹப் நேர அட்டவணைப் பணிகளை முடக்கிவிடும். போய் மீண்டும் இயக்குங்கள். அட்டவணை நேரம் இயல்பாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கணக்கிடப்படும் என்பதையும் பாருங்கள். மணி சரியாகத் தொடங்கும் நிமிடத்தில் நெரிசல் அதிகம். 17, 43 என்று ஏதாவது ஒரு நிமிடத்தைக் கொடுங்கள். பணி ஓடியும் புஷ் மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அந்தப் பணி பயன்படுத்தும் அணுகல் டோக்கனுக்கு எழுதும் அனுமதி இல்லை என்று பொருள்.

கேள்வி: உள்நுழைவுக் குக்கீயைத் தவறுதலாகக் கமிட் செய்துவிட்டேன். கோப்பை அழித்துவிட்டேன், போதுமா?

போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. முதலில் தளத்தில் எல்லா அமர்வுகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் குக்கீயைச் செல்லாததாக்குங்கள். வரலாற்றைத் திருத்துவது அதற்கு அடுத்த வேலை.

கேள்வி: தவறான சமர்ப்பிப்புகளையும் வைத்திருக்க வேண்டுமா? பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கட்டாயம் வைத்திருங்கள். பதிப்புக் கட்டுப்பாடு இருப்பதே இதற்காகத்தான். இல்லையென்றால் சாதாரணக் கோப்புறையே போதுமே. ஒரு உதாரணம்: ஒரு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம் வரை, கூட்டுத்தொகை வேண்டும். விடை 1000 கோடி வரை போகும். 32 பிட் முழு எண்ணில் 214 கோடியே சொச்சம்தான் அடங்கும். தவறான கமிட்டுக்கும் ஏற்கப்பட்ட கமிட்டுக்கும் ‘கிட் டிஃப்’ பார்த்தால் மாறியது ஒரே வரி: 32 பிட் ‘இன்ட்’ இருந்த இடத்தில் 64 பிட் ‘லாங் லாங்’. இப்படிப்பட்ட வேறுபாடுகளை வரிசையாகப் பார்த்தால், நீங்கள் திரும்பத் திரும்ப எங்கே சறுக்குகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். கமிட் செய்தியின் தொடக்கத்தில் தீர்ப்பை எழுதிவிடுங்கள், பிறகு வடிகட்டுவது எளிது.

கேள்வி: பழைய தீர்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் எல்லாம் இன்றைய தேதியில் விழுமே?

விழாமல் செய்யலாம். கிட்டில் எழுதியவரின் தேதி, கமிட் செய்தவரின் தேதி என இரண்டு உண்டு. இரண்டையும் சூழல் மாறிகள் (கட்டளை ஓடும்போது அதற்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) மூலம் நீங்களே கொடுக்கலாம். ஏபிஐ தரும் நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளில் இருக்கும். கிட் அதை அப்படியே ஏற்கும். சமர்ப்பிப்புகளைப் பழையதிலிருந்து புதியது என்று வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு ஒரு கமிட் வீதம் போடுங்கள். ஏற்கெனவே சேர்த்த சமர்ப்பிப்பு எண்களை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போனால், ஸ்கிரிப்ட் நடுவில் நின்றாலும் மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏபிஐ பட்டியல் புதியதை முதலில் தரும்; அதைத் தலைகீழாகத் திருப்ப மறக்காதீர்கள்.