கேமேப்பிலிருந்து கேமேப்_லோக்கல்_பேஜுக்கு: பழைய டிரைவரை மாற்றும்போது எங்கே உடைகிறது?

கேள்வி: லினக்ஸ் 4.19-க்காக எழுதிய சேமிப்பக டிரைவர் ஒன்றை 6.6 கெர்னலுக்குக் கொண்டுவருகிறோம். நினைவகப் பக்கத்துக்குக் கெர்னலில் ஒரு முகவரி தரும் (மேப் செய்யும்) ஃபங்ஷன்களான கேமேப், கேமேப்_அட்டாமிக் இரண்டும் கைவிடப்பட்டவை, கேமேப்_லோக்கல்_பேஜைப் பயன்படுத்தவும் என்று, கெர்னல் பேட்சுகளைச் சரிபார்க்கும் செக்பேட்ச் எச்சரித்தது. எடிட்டரில் ஒரே வீச்சில் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். மேப்பிங்கை விடுவிக்கும் கேஅன்மேப்_லோக்கலுக்குப் பக்கத்தின் பாயின்டரைக் கொடுத்தபோது கம்பைல் ஆகவில்லை. முகவரியைக் கொடுத்ததும் ஆனது. 64 பிட் கணினியில் எல்லாச் சோதனையும் தேறுகிறது. 2 ஜி.பி. ரேம் உள்ள 32 பிட் ஆர்ம் போர்டில் மட்டும் சில நேரம் கெர்னல் விழுகிறது, சில நேரம் கோப்பில் வேறு எதனுடைய தரவோ வந்து உட்கார்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: பழைய கேமேப் தந்த முகவரி கெர்னல் முழுவதற்கும் பொது. புதியது தரும் முகவரி, அதைக் கேட்ட த்ரெட்டுக்கு மட்டும் சொந்தம். பெயரை மாற்றினீர்கள், அந்த முகவரி யாருக்குச் சொந்தம் என்பதும் கூடவே மாறிவிட்டது. உங்கள் டிரைவரில் ஏதோ ஓரிடத்தில் ஒரு த்ரெட் மேப் செய்த முகவரியை இன்னொன்று பயன்படுத்துகிறது என்பதே என் முதல் சந்தேகம். தப்பான தரவு வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். கெர்னல் விழுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், 64 பிட்டில் ஏன் எதுவும் தெரியவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். அங்கே ரேம் முழுவதும் கெர்னலின் முகவரிவெளியில் எப்போதும் மேப் ஆகியே இருக்கிறது. கேமேப்_லோக்கல்_பேஜ் என்று கூப்பிட்டால் ஏற்கெனவே இருக்கும் முகவரியைக் கணக்கிட்டுத் தருவதோடு சரி. கேஅன்மேப்_லோக்கல் அங்கே எந்த மேப்பிங்கையும் அழிப்பதில்லை. முகவரியை எந்த த்ரெட்டிடம் கொடுத்தாலும், எந்த வரிசையில் விடுவித்தாலும் எல்லாம் ஓடும். அதனால் 64 பிட்டில் தேறியதை இந்த மாற்றத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

32 பிட்டில் மொத்த முகவரிவெளியே 4 ஜி.பி.தான். வழக்கமான பிரிப்பில் அதில் 3 ஜி.பி. பயனர் நிரலுக்கு, 1 ஜி.பி. கெர்னலுக்கு. அந்த 1 ஜி.பி.யிலும் விமலாக் (தேவைக்கேற்பக் கெர்னல் அமைக்கும் மேப்பிங்குகள்) போன்றவற்றுக்கு இடம் விட்டபின், நிரந்தரமாக மேப் செய்ய மிஞ்சுவது எக்ஸ்86-இல் 896 எம்.பி., ஆர்மில் வழக்கமான அமைப்பில் சுமார் 760 எம்.பி. மீதி ரேம்தான் ஹைமெம். உங்கள் போர்டில் பாதிக்கு மேல் ஹைமெம். அதில் இருக்கும் பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் தற்காலிகமாக ஒரு முகவரி கொடுத்துத்தான் தொட முடியும். அந்த வேலையைச் செய்யத்தான் இந்த ஃபங்ஷன்கள் எல்லாம்.

கேமேப் அந்த முகவரியை எல்லா சி.பி.யு.வுக்கும் பொதுவான ஒரு அட்டவணையிலிருந்து எடுத்தது. 32 பிட் ஆர்மில் அதில் 512 இடங்கள். ஒரு பொது லாக்கைப் பிடித்துத்தான் இடம் ஒதுக்க முடியும். அட்டவணை ஒரு சுற்று முடிந்ததும் பழைய மேப்பிங்குகளைத் துடைத்து, எல்லா சி.பி.யு.வின் டி.எல்.பி.யையும் (முகவரி மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கேஷ்) செல்லாததாக்க வேண்டும். கோர்கள் கூடக் கூட அந்தச் செலவும் கூடும். இடமே இல்லையென்றால் யாராவது விடுவிக்கும்வரை கேமேப் தூங்கும். ஆளுக்கொரு பக்கத்தை மேப் செய்துவைத்துக்கொண்டு பல த்ரெட்டுகள் இரண்டாவது இடத்துக்குக் காத்திருந்தால் எல்லாமே அப்படியே நின்றுவிடும்.

கேமேப்_அட்டாமிக்கில் இந்தத் தொல்லைகள் இல்லை, வேகமானது. ஆனால் அது மேப் செய்வதோடு நிற்காமல் பேஜ் ஃபால்ட்டையும் (நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் அதைக் கொண்டுவரும் கையாளல்) ப்ரீஎம்ப்ஷனையும் (ஓடும் த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓட்டுவது) சேர்த்தே அணைத்தது. மேப் செய்யவே தேவையில்லாத 64 பிட் கணினியிலும் அணைத்தது. ஹைமெம் இல்லாதவர்களும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. தாமதத்தை அளந்து அளந்து குறைக்கும் ரியல்டைம் கெர்னல்காரர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ரியல்டைம் பணியில் முன்னணியில் இருப்பவரான தாமஸ் கிளைக்ஸ்னரே 2020 இறுதியில் மாற்றை எழுதினார். அது 2021-இல் வெளியான 5.11 கெர்னலில் வந்தது.

புதிய முறையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் தான் செய்த தற்காலிக மேப்பிங்குகளைத் தன்னோடு குறித்துவைத்திருக்கிறது. த்ரெட் சி.பி.யு.வை விட்டு இறங்கும்போது ஷெட்யூலர் அவற்றை அழிக்கிறது. திரும்ப ஏறும்போது அதே முகவரிகளில் மறுபடி போட்டுத் தருகிறது. மேப்பிங் உயிரோடு இருக்கும்வரை அந்த த்ரெட் வேறு சி.பி.யு.வுக்கு நகராதபடி மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதனால் நடுவில் தூங்கலாம், பேஜ் ஃபால்ட் வரலாம், பொது லாக் கிடையாது.

இப்போது உங்கள் தப்பான தரவுக்கு வருவோம். பழைய சேமிப்பக டிரைவர்களில் அடிக்கடி காணும் அமைப்பு இது: கோரிக்கையை அனுப்பும் ஃபங்ஷன் பக்கத்தை மேப் செய்து, முகவரியைத் தன் ஸ்ட்ரக்டில் சேமித்துவைக்கும். வேலை முடிந்ததும் வொர்க்கியூவில் (வேலையைத் தள்ளிவைத்துத் தனி த்ரெட்டில் ஓட்டும் வசதி) ஓடும் வேறொரு ஃபங்ஷன் அந்த முகவரியில் எழுதி, பிறகு கேஅன்மேப் செய்யும். கேமேப்பில் இது சட்டப்படி சரி. இப்போதோ, வொர்க்கியூ த்ரெட் ஓடும் நேரத்தில் அதே முகவரியில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வரும், கண்ணுக்குத் தெரியும். அந்த த்ரெட்டே வேறொரு பக்கத்தை அங்கே மேப் செய்திருந்தால்தான் ஆபத்து. எழுத்து சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தில் போய் விழும். நீங்கள் பார்க்கும் அந்நியத் தரவு இப்படி வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்குத் தீர்வு, முகவரியைச் சேமிப்பதை நிறுத்துவதுதான். ஸ்ட்ரக்டில் பக்கத்தின் பாயின்டரையும் ஆஃப்செட்டையும் வையுங்கள். எழுதுகிற இடத்தில், எழுதுகிற த்ரெட்டே மேப் செய்து, எழுதி, உடனே விடுவிக்கட்டும். உண்மையாகவே நீண்ட நேரம் பலரும் பகிர வேண்டிய மேப்பிங் என்றால் விமேப்பைப் பயன்படுத்துங்கள். அதற்குச் செலவு உண்டு என்பதால் ஒரு முறை அமைத்துப் பலமுறை பயன்படுத்தும் இடத்துக்கே அது பொருந்தும். இந்த வகை இடங்களைத் தேட ஒரு சுலபமான வழி: கேமேப்பும் கேஅன்மேப்பும் ஒரே ஃபங்ஷனுக்குள் இல்லாத இடங்களை மட்டும் பட்டியல் போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, விழுவதற்கான காரணங்கள். ஒரு கோரிக்கையில் உள்ள பக்கங்களையெல்லாம் ஒரு லூப்பில் மேப் செய்து, முகவரிகளை அர்ரேயில் அடுக்கி, அப்புறம் மொத்தமாகக் கையாளும் நிரல் உங்களிடம் இருக்கிறதா? கேமேப்பில் 512 இடம் இருந்தது. கேமேப்_லோக்கலில் ஒரு த்ரெட்டுக்கு ஒரு நேரத்தில் இருப்பது மொத்தம் 16 இடம்தான். அதைத் தாண்டினால் பிழை எண் எதுவும் திரும்பாது. கெர்னல் பக்_ஆன் (விதி மீறினால் ஓட்டத்தை நிறுத்தும் சோதனை) போட்டு அங்கேயே நிற்கும். லோமெம் (நிரந்தரமாக மேப் ஆன) பக்கங்கள் இந்த இடங்களைப் பிடிப்பதில்லை என்பதால், கோரிக்கையில் எத்தனை பக்கம் ஹைமெமில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு நாள் ஓடும், ஒரு நாள் விழும். லூப்பைத் திருப்பிப் போடுங்கள்: ஒரு பக்கம் மேப், வேலை, விடுவிப்பு, அடுத்த பக்கம்.

இன்னொன்று வரிசை. இந்த மேப்பிங்குகள் அடுக்காக இருக்கின்றன. கடைசியாக மேப் செய்ததைத்தான் முதலில் விடுவிக்க வேண்டும். முதலில் மூலப் பக்கம், பிறகு இலக்குப் பக்கம் என்று மேப் செய்தால், விடுவிக்கும்போது முதலில் இலக்கு, பிறகு மூலம். மாற்றிச் செய்தால் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மூலத்தின் முகவரியைக் கொடுத்து கேஅன்மேப்_லோக்கலைக் கூப்பிடுகிறீர்கள். அது அடுக்கின் உச்சியில் இருக்க வேண்டிய முகவரியோடு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால் ஒரு எச்சரிக்கையை அச்சிடுகிறது. அச்சிட்டுவிட்டு, உச்சியில் இருக்கும் இலக்கின் பேஜ் டேபிள் பதிவை அழித்துவிடுகிறது. நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் இலக்குப் பக்கம் காலடியிலிருந்து போய்விட்டது. அந்த எச்சரிக்கையும் பூட் ஆனதிலிருந்து ஒரே ஒரு முறைதான் வரும். டிமெசெக்கை (கெர்னலின் செய்திப் பதிவு) இறுதிப் பகுதி மட்டும் பார்க்கிறவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்கள், முதலிலிருந்து தேடுங்கள்.

தரவை அழுத்தும் நிரல்களில் இந்த வரிசை விதி உண்மையாகவே சிரமம் தரும். உள்ளீட்டுப் பக்கம் தீர்வதும் வெளியீட்டுப் பக்கம் நிரம்புவதும் வெவ்வேறு நேரத்தில் நடக்கும், எது முதலில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வெளியீட்டுப் பக்கத்தை ஒதுக்கியது யார்? உங்கள் டிரைவரே ஜி.எஃப்.பி_கெர்னல் அல்லது ஜி.எஃப்.பி_நோஐஓ என்ற ஒதுக்கீட்டுக் கொடியைக் கொடுத்து ஒதுக்கியிருந்தால் அது ஹைமெமிலிருந்து வரவே வராது. அதன் முகவரியைப் பெற பேஜ்_அட்ரஸ் போதும்; மேப்பும் வேண்டாம், விடுவிப்பும் வேண்டாம். பழைய டிரைவர்களில் கேமேப் அழைப்புகளில் கணிசமானவை இப்படித் தேவையே இல்லாமல் இருப்பவைதான். அவற்றை மாற்றுவதைவிட நீக்குவது மேல்.

நீக்கத்தக்க இன்னொரு வகை, மேப் செய்து, மெம்காப்பி செய்து, விடுவிக்கும் மூன்று வரிகள். அதற்கு மெம்காப்பி_டு_பேஜ், மெம்காப்பி_ஃப்ரம்_பேஜ் இருக்கின்றன. பூஜ்யத்தால் நிரப்ப மெம்ஜீரோ_பேஜ். இவற்றைப் பயன்படுத்தச் சொல்வதற்கு ஆர்மில் கூடுதல் காரணம் உண்டு: பக்கத்தில் எழுதும் உதவி ஃபங்ஷன்கள் தரவு கேஷை ஒத்திசைக்கும் ஃப்ளஷ்_டிகேஷ்_பேஜையும் தாமே கூப்பிடுகின்றன. கையால் எழுதிய நிரலில் அது விடுபட்டிருந்தால், கேஷ் அமைப்பைப் பொறுத்துச் சில ஆர்ம் சிப்களில் பயனர் நிரல் பழைய தரவையே பார்க்கும்.

கேமேப்_அட்டாமிக் இருந்த இடங்களைத் தனியாக, நிதானமாகப் படியுங்கள். மேப்புக்கும் விடுவிப்புக்கும் நடுவில் உள்ள வரிகள், ப்ரீஎம்ப்ஷன் அணைந்திருப்பதை நம்பி எழுதப்பட்டவையா? உதாரணமாக, அந்த இடைவெளியில் பெர்-சி.பி.யு. (ஒவ்வொரு சி.பி.யு.வுக்கும் தனித்தனியான) எண்ணி ஒன்றைப் படித்து, கூட்டி, திரும்ப எழுதும் நிரல் இருந்தால், இப்போது நடுவில் அதே சி.பி.யு.வில் வேறு த்ரெட் புகுந்து எண்ணியை மாற்றிவிடலாம். அல்லது ஒரு பக்கத்தின் லாக்கைப் பிடித்தபடி பயனர் நினைவகத்திலிருந்து காப்பி செய்தால், பேஜ் ஃபால்ட் வந்து அதே லாக்கைக் கேட்டு நிற்கலாம். இப்படி உறுதியாகத் தெரிந்த இடத்தில் ப்ரீஎம்ப்ட்_டிசேபிள் அல்லது பேஜ்ஃபால்ட்_டிசேபிளை வெளிப்படையாகப் போடுங்கள், காரணத்தைக் கமென்டில் எழுதுங்கள். பயத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். போட்டால் பழைய கேமேப்_அட்டாமிக்கையே வேறு பெயரில் வைத்திருப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டுமே தேவைப்படாது.

கம்பைல் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேஅன்மேப் பக்கத்தின் பாயின்டரை வாங்கியது, புதியது முகவரியை வாங்குகிறது. புதியதற்குப் பக்கத்தைக் கொடுத்தால் கம்பைலர் தடுக்கும், உங்களையும் தடுத்திருக்கிறது. ஆனால் மாற்றாமல் விட்ட ஒரு கேஅன்மேப்புக்கு வாய்ட் பாயின்டராக உள்ள முகவரியைக் கொடுத்தால் சி மொழி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பாதி மாற்றிய கோப்புகளில் இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். முகவரியைப் பக்கத்தின் ஆரம்பத்துக்குத் திருத்திக் கொடுக்க வேண்டியதில்லை. அதே பக்கத்துக்குள் எந்த பைட்டின் முகவரியானாலும் சரி. கவனம் தேவைப்படுவது எல்லையில் மட்டும்: பாயின்டரை நகர்த்திக்கொண்டே போய்ப் பக்கத்தின் இறுதியைத் தாண்டிய முகவரியைக் கொடுத்தால் அது அடுத்த இடத்தின் முகவரி. கேமேப்_லோக்கல்_பேஜ் பிழையைத் திருப்புவதில்லை என்பதால் நல் (வெற்றுப் பாயின்டர்) சோதனைகளையும் எடுத்துவிடலாம்.

சோதிப்பதற்கு, ஒவ்வொரு முறையும் போர்டுக்குப் போக வேண்டாம். 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் டிபக்_கேமேப்_லோக்கல்_ஃபோர்ஸ்_மேப் என்ற கான்ஃபிக்கை இயக்கிக் கட்டுங்கள். ஹைமெம் இல்லாத இடத்திலும் எல்லாப் பக்கத்தையும் தற்காலிக மேப்பிங் வழியாகவே போகச் செய்யும். வரிசைப் பிழையும், த்ரெட் தாண்டிய முகவரியும், அடுக்கு நிரம்புவதும் உங்கள் மேசைக் கணினியிலேயே வெளிப்படும். வேகத்தைக் குறைக்கும் என்பதால் வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் மட்டும் இயக்காதீர்கள். அதன்பின் க்யூஎமு எமுலேட்டரில் 3 ஜி.பி. நினைவகத்தோடு 32 பிட் எக்ஸ்86 கெர்னலை ஹைமெம் இயக்கி ஓட்டுங்கள். கடைசியாக, கேஷ் சம்பந்தப்பட்டவற்றுக்காக உங்கள் ஆர்ம் போர்டு.

கேமேப்பும் கேமேப்_அட்டாமிக்கும் 6.6-இல் இன்னும் இருக்கின்றன, ஆகவே அவசரம் இல்லை. செய்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிட்டு, ஒரு பேட்சுக்கு ஒரு ஃபங்ஷன் என்று மறுபடி ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு பேட்சின் விளக்கத்திலும், இந்த முகவரி த்ரெட்டைத் தாண்டவில்லை என்பதையும், அட்டாமிக் இருந்த இடமானால் அதன் பக்கவிளைவுகளை நம்பியிருந்ததா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். 4.19-ஐயும் தொடர்ந்து ஆதரிக்க வேண்டியிருந்தால், பழைய கெர்னலில் கேமேப்_லோக்கல்_பேஜ் என்ற பெயருக்குப் பின்னால் கேமேப்_அட்டாமிக்கை வைக்கும் ஒரு சிறு ஹெடர் போதும், இரண்டுமே முகவரியைக் கொடுத்துத்தான் விடுவிக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கெர்னலில் மேப்புக்கும் விடுவிப்புக்கும் நடுவில் தூங்கக் கூடாது. ஆக இரண்டு கெர்னலுக்கும் பொதுவான நிரலில் அந்த இடைவெளிக்குள் மியூடெக்ஸும் காப்பி_ஃப்ரம்_யூசரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.