மூன்று குழல் ட்ரில்லிங்: விலை கேட்குமுன் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். என் கணவரின் தாத்தா காலமான பிறகு அவருடைய வேட்டைத் துப்பாக்கி எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மேலே பக்கம் பக்கமாக இரண்டு குழல்கள், அடியில் சிறிதாக ஒன்று. குழல்களுக்கு நடுவே ஓடும் மேற்பட்டையில் ஸெல்லா-மெஹ்லிஸ் என்ற ஊர்ப்பெயரும், தேய்ந்துபோன ஓர் ஆள் பெயரும் உள்ளன. குழல்களைக் கழற்றினால் அடியில் கிரீடம் வைத்த எழுத்துகள், ‘7,8/57’, வட்டத்துக்குள் ‘16’, ‘14,7’, ‘10.27’ என்று பொறித்திருக்கிறது. இது என்ன துப்பாக்கி, என்ன விலை போகும்?

பதில்: உங்களிடம் இருப்பது ட்ரில்லிங். மேல் குழல்கள் இரண்டும் ரவைத் தோட்டாவுக்கு, அடியில் இருப்பது உள்ளே மரை, அதாவது சுருள் பள்ளம், வெட்டிய ரைபிள் குழல். முயலோ ஃபெசன்ட் பறவையோ எழும்பினால் ரவை, காட்டுப்பன்றியோ மானோ நின்றால் ரைபிள் என்று ஒரே நடையில் எதற்கும் தயாராக இருக்க ஜெர்மன் வேட்டைக்காரர்கள் விரும்பிச் செய்வித்த துப்பாக்கி இது.

மேற்பட்டையில் உள்ள பெயரை வைத்து அதிகம் தேடாதீர்கள். ஸெல்லா-மெஹ்லிஸிலும் பக்கத்து ஊரான ஸூலிலும் சிறு பட்டறைகள் பல இருந்தன. ஒருவர் குழல் செய்வார், ஒருவர் சுடும் பொறியான பூட்டு, இன்னொருவர் செதுக்குவேலை. கடைசியில் விற்ற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வார். ஆகவே அந்தப் பெயர் செய்தவருடையது என்று சொல்ல முடியாது. ஊர்ப்பெயர்தான் உதவுகிறது: ஸெல்லா சாங்க்ட் பிளாஸி, மெஹ்லிஸ் என்ற இரண்டு ஊர்களும் 1919-இல்தான் ஒன்றாயின, ஆகவே இந்தப் பொறிப்பு அதற்குப் பிந்தியது.

உண்மையான ஜாதகம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ‘10.27’ என்றால் 1927 அக்டோபரில் அரசுச் சோதனைக்கூடத்தில் சுட்டுப் பார்த்துத் தேறியது என்று பொருள். கிரீடத்தின் கீழ் எஸ் இருந்தால் ரவைக் குழல், ஜி இருந்தால் மரை வெட்டிய குழல், டபிள்யு இருந்தால் வாய் குறுக்கிய குழல். கிரீடத்தின் கீழ் என் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். புகையற்ற வெடிமருந்தால் சோதித்ததற்கு அதுவே அடையாளம். ‘14,7’ என்பது ரைபிள் குண்டின் எடை, கிராமில்.

இனிச் சொல்லும் இரண்டு விஷயங்களில் விலையை விட உயிர் முக்கியம். வட்டத்துக்குள் இருக்கும் 16 ரவைக் குழலின் அளவு (கேஜ் எண், மில்லிமீட்டர் அல்ல). அக்காலத்து 16-க்குத் தோட்டா அறையின் நீளம் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஆனால் சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நீளம் பொறிக்கப்படாவிட்டால், அளந்து பார்க்கும்வரை 65 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘7,8/57’ அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. 7.8 என்பது குழலின் உள்விட்டம், 57 தோட்டாக் கூட்டின் நீளம். இது பெரும்பாலும் 8×57 ஐஆர் தோட்டாவுக்கான குழல். அதன் குண்டு ஏறத்தாழ 8.07 மில்லிமீட்டர். பின்னால் வந்த 8×57 ஐஆர்எஸ் தோட்டாவின் கூடும் அதே நீளம்தான், குண்டு மட்டும் 8.2 மில்லிமீட்டரை ஒட்டித் தடித்தது. பழைய குழலில் இதைச் சுடக் கூடாது. துப்பாக்கித் தொழிலாளி தோட்டா அறையையும் குழலையும் அச்செடுத்து அளந்து சொல்லும்வரை எந்தத் தோட்டாவும் வேண்டாம்.

விலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப் படையான லுஃப்ட்வாஃபேவுக்காக ஸாவர் நிறுவனம் செய்த எம்30 ட்ரில்லிங், அலுமினியப் பெட்டியோடு முழுசாக இருந்தால் பத்தாயிரம் டாலருக்கு மேல் போகிறது. அதைப் பார்த்துக் கனவு காணாதீர்கள், அது தனி ரகம். ஜெர்மனியில் இன்று சாதாரண ட்ரில்லிங்குகள் சில நூறு யூரோவுக்கே கிடைக்கின்றன. மூத்த வேட்டைக்காரர்களின் வீடுகளிலிருந்து நிறைய சந்தைக்கு வருகின்றன, இளையவர்களோ தொலைநோக்கி பொருத்திய ஒற்றைக் குழல் ரைபிளையே கேட்கிறார்கள். நல்ல செதுக்குவேலை, அதே துப்பாக்கிக்கென்று பொருத்திய தொலைநோக்கியும் அதை மாட்டும் கொக்கித் தாங்கியும், ரவைக் குழலுக்குள் செருகும் சிறு குழல், இவை சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டலாம்.

நிலைமையை நீங்களே ஓரளவு பார்க்கலாம். மூன்று அறைகளும் காலியா என்று உறுதி செய்த பிறகு, முன்கட்டையை (குழல்களின் அடியில் இருக்கும் மரத்துண்டை) கழற்றி, மூடிய துப்பாக்கியை மெல்ல அசைத்துப் பாருங்கள். இணைப்பில் ஆட்டம் தெரிந்தால் விலை குறையும். குழல்களை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் நின்று ஒலித்தால் பற்றவைப்பு உறுதி, கரகரத்தால் எங்கோ விட்டிருக்கிறது. குழலுக்குள் பார்த்தால் மரையின் விளிம்புகள் கூர்மையாக, குழிகளின்றித் தெரிய வேண்டும். பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்கவே தேய்க்காதீர்கள். பழுப்பேறிய நிறமும் கூரான செதுக்குக் கோடுகளும் அழிந்தால் சேகரிப்பாளர் கைவைக்க மாட்டார். அறையை 70-க்கு நீட்டிக் கடைய ஆலோசனை சொல்பவர்களுக்கும் மறுத்துவிடுங்கள்.

சட்டத்தில் தாமதம் வேண்டாம். துப்பாக்கி கைக்கு வந்ததை உடனே ஆயுத அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், சொத்தை ஏற்ற ஒரு மாதத்துக்குள் வைத்திருக்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க வேட்டை உரிமம் போன்ற தனிக் காரணம் எதுவும் இல்லாத வாரிசு அதை வைத்துக்கொள்வதானால் குழல்களுக்குப் பூட்டுச் சாதனம் பொருத்த வேண்டிவரும். விற்பதானால் உரிமம் பெற்ற வியாபாரி வழியே விற்பது எளிது. இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், அடிப்பக்கத்தின் தெளிவான படத்தை ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள்.