ரோயிங் மெஷினில் கீழ்முதுகு வலி

கேள்வி: ஜிம்மில் தினமும் 20 நிமிடம் ரோயிங் மெஷினில் இழுக்கிறேன். டேம்பரை 10-ல் வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் தாண்டினாலே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. முதுகை நேராக வைத்துத்தான் இழுக்கிறேன். எங்கே தவறு?

பதில்: முதலில் டேம்பரை 4-க்கு இறக்குங்கள். விசிறிக் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. 10-ல் வைத்தால் காற்று அதிகம் புகுந்து, ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே விசிறி சட்டென்று வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நின்றுபோன வண்டியைத் தள்ளுகிற கதைதான். கால் சோர்ந்ததும் அந்தப் பாரம் முதுகில் விழும்.

அடுத்தது, எங்கிருந்து குனிகிறீர்கள் என்பது. சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் விரல்களை வையுங்கள். முன்னால் சாயும்போது விரல்கள் அங்கே நசுங்க வேண்டும். நசுங்காமல் முதுகு மட்டும் வளைந்தால், வலிக்குக் காரணம் அதுதான். தொடையின் பின்தசை இறுகியிருப்பவர்களுக்கு இது சகஜம். பாதத் தட்டை ஓரிரு துளை கீழே இறக்கினால் இடுப்பு மூட்டு தாராளமாக மடங்கும். ஸ்ட்ராப் கால்விரல்களின் அடிமூட்டுக்கு மேலே வரட்டும்.

பலரும் கோட்டைவிடுவது இழுப்பின் தொடக்கத்தில். காலால் உதைத்ததும் சீட் பின்னால் ஓடுகிறது, கைப்பிடியோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிறகு முழு இழுப்பையும் முதுகே செய்தாக வேண்டும். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள்: சீட்டும் கைப்பிடியும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். கால், உடல், கை என்ற வரிசையில் இழுத்து, கை, உடல், கால் என்று திரும்புங்கள். கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே கால் மடங்கலாம். கெண்டைக்கால் செங்குத்தானதும் நிறுத்துங்கள். இழுப்பின் கடைசியில் மல்லாந்து சாய வேண்டாம், கடிகாரத்தில் 11 மணி முள் அளவுக்குச் சாய்ந்தால் போதும்.

காலில் மரத்துப்போதலோ, கீழே இறங்கும் வலியோ இருந்தால் மெஷினை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இல்லையென்றால் இரண்டு வாரம் நிமிடத்துக்கு 18 முதல் 20 ஸ்ட்ரோக், அதற்கு மேல் வேண்டாம். இழுக்க ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு. 20 நிமிடத்தை ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் எழுந்து நில்லுங்கள். ஒவ்வொரு ஐந்தின் தொடக்கத்திலும் கையை மடக்காமல், உடலைச் சாய்க்காமல், காலால் மட்டும் பத்து ஸ்ட்ரோக்.