வெட்டி ஒட்டிய மிட்டோமா

கேள்வி: போனைத் திறந்தாலே கவோரு மிட்டோமா வீடியோதான். இங்கிலாந்தில் பிரைட்டன் மாதிரி ஒரு நடுத்தரக் கால்பந்து கிளப்பில் ஆடுகிறவருக்கு இவ்வளவு ரசிகர்களா? ஜப்பான்காரர்கள் கூட்டமாக லைக் போட்டு ஏற்றிவிட்ட பெயர்தானே இது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: லைக் போடுகிறார்கள்தான். அவர்கள் ஊர்ப் பையன், போடாமல் என்ன செய்வார்கள்? பிரைட்டனும் லேசுப்பட்டதில்லை. 2024 ஜூலையில் ஜப்பானுக்கே போய்க் காஷிமா ஆன்ட்லர்ஸ், டோக்கியோ வெர்டி அணிகளோடு ஆடிவிட்டு வந்தது. இதில் வியாபாரமே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ‘ஏற்றிவிட்ட பெயர்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது 2022 டிசம்பர் 1 அன்று, கத்தார் உலகக் கோப்பையில். எதிரணி ஸ்பெயின், ஸ்கோர் 1-1. இடைவேளையில் மாற்று வீரராக இறங்கிய மிட்டோமா, எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தெரிந்த பந்தைத் துரத்திப் பிடித்து உள்ளே திருப்பிவிட, ஆவோ தனகா அதைக் கோலாக்கினார். டிவியில் பார்த்த பாதிப் பேர் பந்து வெளியே என்றுதான் அடித்துச் சொன்னார்கள். மேலேயிருந்து எடுத்த படம் வந்த பிறகுதான் வாயை மூடினார்கள். புல்லைத் தொட்டிருந்த அடிப்பாகம் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் பந்தின் வளைவு, 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக, கோட்டின் மேல் நின்றது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் ‘அவுட்’. ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்த ஒரு கோல் விழாமல் இருந்திருந்தால் ஜப்பானுக்குப் பதில் அதே பிரிவிலிருந்த ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்!

நாலே நாளில் குரோஷியாவோடு பெனால்டி ஷூட்அவுட். மிட்டோமா அடித்ததை கோல்கீப்பர் லிவாகோவிச் தடுத்துவிட்டார், ஜப்பான் மூட்டை கட்டியது. இந்த வீடியோ எத்தனை தடவை உங்கள் போனுக்கு வந்தது?

ரசிகர்கள் அவரை ஏற்றிவிடவில்லை ஐயா, வெட்டிவிட்டார்கள். பத்து வினாடிக்குள் அடங்காத மிட்டோமா யாருக்கும் தேவைப்படவில்லை. சிறு வயதிலிருந்து பயிற்சி பெற்ற கவாசாகி ஃப்ரான்டாலே கிளப், பள்ளிப் படிப்பு முடியும்போது ‘வா, தொழில்முறை ஆட்டக்காரனாகச் சேர்’ என்றது. இன்னும் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டு சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆய்வுக்கு எடுத்த தலைப்பு டிரிபிளிங், அதாவது பந்தைக் காலோடு ஓட்டிக்கொண்டே எதிராளியைத் தாண்டுவது. சக வீரர்களின் தலையில் கேமராவைக் கட்டி, பந்து வரும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். நன்றாக ஆடுகிறவர்கள் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்பதில்லை, எதிராளியைப் பார்க்கிறார்கள். அப்புறம் 2020-இல் ஃப்ரான்டாலே, முதல் சீசனிலேயே லீக் பட்டம். 2021-இல் பிரைட்டன் வாங்கியது, இங்கிலாந்தில் ஆட அனுமதி கிடைக்காததால் ஒரு வருடம் பெல்ஜியத்தில். இங்கிலாந்தின் உச்சப் போட்டியான பிரீமியர் லீகில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 25.

2024-25 சீசனில் அங்கே 10 கோல். ஒரே சீசனில் இரட்டை இலக்கத்தை அதற்கு முன் எந்த ஜப்பானியரும் தொட்டதில்லை. இதை லைக் போட்டு வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, உங்களுக்கு லைக் போட மனமில்லையா? வேண்டாம். அந்தக் குரோஷியா ஆட்டத்தை மட்டும் முழுதாகப் பாருங்கள். கூடுதல் நேரத்தில் தங்கள் பாதியிலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டே போய் ஓங்கி ஒன்று அடிப்பார். அதையும் அதே லிவாகோவிச் தடுத்துவிடுவார். கோல் ஆகாததால் உங்கள் போனுக்கு அது தானாக வராது.