தலைதீபாவளிச் சீர் முடிந்தது, அடகு நகை இன்னும் மீளவில்லை

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். அம்மா, மனைவி, பிள்ளைகள் பட்டுக்கோட்டையில் இருக்கிறார்கள். போன தீபாவளிக்கு ஊரில் 84,000 ரூபாய் செலவு. அதில் 60,000 மனைவியின் நகையை 12% வட்டிக்கு அடகு வைத்து வாங்கியது. மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும் கட்டி வருகிறேன். இந்த ஜனவரியிலிருந்து வழக்கமான வீட்டுச் செலவு போக 12,500 ரூபாய் ஒதுக்க முடியும். மாதம் 1,000 ரூபாய் தீபாவளிச் சீட்டில் சேரலாம் என்கிறார் அம்மா. சேரலாமா?

பதில்: சீட்டுக்கு முன்னால் அந்த 84,000-ஐப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் தங்கையின் தலைதீபாவளிச் சீர் மட்டும் 40,000. அது ஒருமுறைச் செலவு. துணிமணி 28,000, பலகாரம் 7,000, பட்டாசு 6,000, இனாம் 3,000 ஆக 44,000தான் ஆண்டுதோறும் வருவது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் நகை கடைக்குப் போனது.

முதலில் நகை. வட்டி மட்டும் கட்டி, கெடு வந்ததும் மாற்றி வைப்பவர்களுக்கு அசல் அப்படியே நிற்கும். அசலில் பகுதி பகுதியாகக் கட்டலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மாதம் 6,000 அசலில் கட்டினால் 10 மாதத்தில் கடன் தீரும். வட்டி 600, 540, 480 என்று இறங்கி மொத்தம் 3,300-க்குள் முடியும். ஒவ்வொரு முறையும் ரசீதில் ‘அசல் வரவு’ என்று எழுதியிருக்கிறதா என்று மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் முன்வட்டியாக வரவு வைத்துவிடும் கடைகள் உண்டு.

அடுத்து, 2026 தீபாவளிக்காக ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை மாதம் 5,500. எட்டு மாதத்தில் 44,000 சேர்ந்துவிடும். வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காமல் அம்மா பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மகன் அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு வருமான வரி இல்லை. மனைவி பெயரில் போட்டால் அதன் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும்.

2027 தீபாவளிக்காக, செப்டம்பரிலிருந்து அம்மா பெயரிலேயே வங்கியில் மாதம் 3,700-க்கு 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். ஏன் செப்டம்பர்? 2026-ல் தீபாவளி நவம்பர் 8, 2027-ல் அக்டோபர் இறுதியிலேயே வந்துவிடுகிறது. பண்டிகை முடிந்த கையோடு ஆர்.டி. போடுபவர்களுக்கு அடுத்த தீபாவளி போன பிறகுதான் பணம் முதிரும். உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே சம்பாதித்ததைப் போடும் கணக்கு) இந்த ஆர்.டி.யைப் போட வேண்டாம். ஓராண்டு முடியுமுன் எடுத்தால் வட்டியே கிடையாது. அஞ்சலக ஆர்.டி.யும் ஒத்துவராது. அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன் மூட முடியாது.

இனி சீட்டு. 12,000 கட்டினால் 10 கிராம் வெள்ளிக் காசு, பாத்திரம், மளிகை, இனிப்பு, பட்டாசுப் பெட்டி என்று பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கடைத்தெருவில் விலை விசாரிக்கச் சொல்லுங்கள். பட்டாசுப் பெட்டியில் அச்சிட்ட விலையை நம்பவே கூடாது. அந்த விலையில் 80% தள்ளுபடி என்று வெளியிலேயே விற்கிறார்கள். பெரிய ஆபத்து வேறு. பதிவில்லாமல் இப்படிப் பணம் திரட்டுவதை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் ஐப்பசியில் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சேர வேண்டாம். ‘தெரிந்தவர்தான்’ என்று அம்மா சொல்வார்; ஏமாந்தவர்கள் எல்லோருமே தெரிந்தவரிடம்தான் கட்டினார்கள்.

பணம் அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் கேளுங்கள். வெள்ளிக்கு 50 காசு குறைந்தாலே 250 ரூபாய் போய்விடும்.

உங்கள் பக்கச் செலவு சிறியது. 2026 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்களும் சிங்கப்பூரில் விடுமுறை. அங்கே 1972 முதல் பட்டாசுக்குத் தடை, மத்தாப்போடு சரி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு சட்டை, அறை நண்பர்களோடு பங்கு போட்ட சமையல் என்றால் 100 வெள்ளிக்குள் அடங்கும். ஊருக்குப் போவதானால் டிக்கெட் கட்டணம் இறங்கிய பிறகு போங்கள்.