வடகொரியா வீடியோல தெரியிற ஊரு நிஜமா?

"வடகொரியா தலைநகர் பியோங்யாங் போன யூடியூபர் வீடியோல ரோடெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ஜனங்க சிரிச்சுகிட்டு போறாங்க, அப்ப நியூஸ்ல சொல்றது பொய்யா"ன்னு கேட்டிருக்கீங்க. அவருக்கு காட்டினது அவ்ளோதாங்க.

எங்க மன்னார்குடி பக்கம் அமைச்சர் வர்றார்னா முதல் நாள் ராத்திரியே ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் தூவி, வாய்க்கால் கரை குப்பை தெரியாம துணி கட்டிருவாங்க, கார் தாண்டினதும் அவுத்துருவாங்க. ஆனா இங்க நாலு தெரு தள்ளிப் போய் நீங்க போட்டோ எடுக்கலாம், அங்க கைடு கூடவே வருவார், எங்க போகணும்னு முன்னாடியே முடிவாகியிருக்கும். அதுபோக பியோங்யாங்ல குடியிருக்கவே அரசு அனுமதி வேணும், அதனால யாரும் நடிக்கலைன்னாலும் நீங்க பார்க்கிறது பொறுக்கி எடுத்த ஜனங்கதான்.

இதுல கொடுமையான கதை நாஜிகளோடது. தெரெசியென்ஸ்டாட் யூதர் முகாமுக்கு 1944 ஜூன் 23ல செஞ்சிலுவை சங்க ஆள் உட்பட மூணு பேர் பார்க்க வந்தாங்க, அதுக்காக மாசக்கணக்கா பெயின்ட் அடிச்சு, பூச்செடி வச்சு, கடைல சாமான் அடுக்கி, காபி கடை எல்லாம் செட் போட்டு, கூட்டம் நெரிசலா தெரியக்கூடாதுன்னு மே மாசமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ச் கொலை முகாமுக்கு ரயில் ஏத்திட்டாங்க. வந்தவங்க காட்டின பாதையிலேயே நடந்துட்டு கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் அங்கயே ஒரு படமும் எடுத்தாங்க, ஷூட்டிங் முடிஞ்சதும் இயக்கின கைதி குர்ட் கெரோனையும் நடிச்சவங்கள்ல நிறைய பேரையும் அதே ஆஷ்விட்சுக்கு அனுப்பிட்டாங்க.