ரகசியமாக வெளிவந்த சோவியத் செய்தி மடலைத் தன்னார்வலர்கள் எப்படி நடத்தினார்கள்?

அச்சகமோ ஊதியமோ இன்றி, சோவியத் ரகசியக் காவல் அமைப்பான கேஜிபி தேடிக்கொண்டிருந்த நிலையில், ‘நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு’ என்ற மனித உரிமை மடல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1968 ஏப்ரல் 30 தேதியிட்ட முதல் இதழை மாஸ்கோவில் கவிஞர் நத்தாலியா கர்பனேவ்ஸ்கயா தொகுத்துத் தட்டச்சு செய்தார். மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் தாளைச் செருகி ஒரே நேரத்தில் சில படிகள் எடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் தாங்களும் அவ்வாறே தட்டச்சு செய்து பிறருக்குக் கொடுத்ததால், ஒவ்வொரு வாசகரும் பதிப்பாளராகவும் ஆனார்.

என் பார்வையில் இதன் உயிர்நாடி, செய்தி சேகரித்த முறைதான். தகவல் தர விரும்புபவர், தமக்கு இதழைத் தந்தவரிடமே அதைச் சொல்ல வேண்டும். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார். சங்கிலியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று எவரும் துருவக் கூடாது, துருவினால் உளவாளி என்ற ஐயம் எழும் என்று இதழே வாசகர்களுக்கு அறிவுறுத்தியது. சோதனைகள், கைதுகள், வழக்குகள் ஆகியவை கருத்துரையின்றிப் பதிவாயின. முந்தைய இதழ்களில் நேர்ந்த பிழைகளுக்குத் திருத்தமும் வெளியிட்டார்கள். பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஆசிரியர்கள் நம்பகத்தன்மையை ஈட்ட அதைவிடச் சிறந்த வழி இருந்திருக்க முடியாது.

இதழ் வெளிவராத ஓர் இடைவெளிக்குப் பின், 1974 மே மாதத்தில் உயிரியலாளர் செர்கேய் கோவலியோவ் உள்ளிட்ட மூவர் விநியோகப் பொறுப்பை வெளிப்படையாகவே ஏற்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கைதான அவருக்கு 7 ஆண்டு முகாம் சிறை விதிக்கப்பட்டது. மற்றவர்கள் 1980களின் தொடக்கம்வரை இதழைத் தொடர்ந்தார்கள்.